வலப்பக்கத்து வளையம்

பந்தைப் புரட்டி வைத்த பிறகுதான் அவர் அதைப் பார்த்தார்.

ஒரு வளையம்.

சரியாகச் சொன்னால், பாதி வளையம். மற்றப் பாதியைச் சற்றுமுன் அவரே தேய்த்து அழித்திருந்தார்.

சுழல் எந்திரத்தை நிறுத்தினார். கிண்ணத்தில் அமர்ந்திருந்த பௌலிங் பந்து வேகம் தணிந்து நின்றது. கருநீலப் பந்து. மேலே மூன்று துளைகள்: இரண்டு விரல்களுக்கு இரண்டு, கட்டைவிரலுக்கு ஒன்று.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

வளையம் இருந்தது.

இருக்கக் கூடாது.

அது அவர் மனைவி கமலவேணியின் பந்து. சென்ற ஆண்டு மாநிலப் போட்டிக்காக, சொரசொரப்புத் தாளில் தொடங்கி மெருகுநீர் வரை படிப்படியாகத் தேய்த்து, ஒரு கீறலும் இல்லாமல் பையில் வைத்தவர் அவர்தாம். போட்டிக்கு முந்தைய வாரம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை சோர்ந்தது. பை அலமாரியின் அடித்தட்டுக்குப் போனது.

உருளாத பந்தில் தடம் எப்படி வரும்?

பயன்படாத பந்துதானே என்று இன்று சோதிக்காமலே தேய்க்கத் தொடங்கியிருந்தார். கிள்ளான் பௌலிங் சங்கத்து நண்பர் கலையரசன் மாலையில் வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. கொடுக்கும் பொருளைப் புது முகத்தோடு கொடுப்பது அவர் வழக்கம்.

முதலில் எந்திரத்தைச் சந்தேகித்தார். கிண்ணத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். வழவழப்பாகவே இருந்தது.

பிறகு தேய்ப்புத் தாளைச் சந்தேகித்தார்.

பிறகு, சற்றுத் தயக்கத்துடன், தம்மை.

நகத்தால் சுரண்டினார். பிசுக்கு நகத்தில் ஏறியது. பௌலிங் தளத்தில் பூசும் எண்ணெய். அதில் உருளும் பந்து, தான் போன வழியைத் தன் உடம்பிலேயே எழுதிக்கொண்டு திரும்பும். நரியாக இருந்தால் வாலால் தடத்தை அழித்திருக்கும். பந்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

யாரோ விளையாடியிருக்கிறார்கள்.

கட்டைவிரல் துளை தம்மை நோக்கி இருக்குமாறு பந்தைத் திருப்பினார். கமலவேணி வீசினால் வளையம் அந்தத் துளையின் இடப்பக்கம் விழும். வலக்கைக்காரர் எவர் வீசினாலும் அங்கேதான்.

இது வலப்பக்கம் இருந்தது.

பந்தை மாற்றி வைத்துவிட்டோமோ என்று எந்திரத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். வளையம் இடம் மாறவில்லை.

அப்படியானால் இடக்கைக்காரர். இந்த வீட்டில் இடக்கைக்காரர் எவரும் இல்லை. வந்து போகிறவள் கமலவேணியின் அக்கா தவமணி ஒருத்திதான். செவ்வாய்தோறும் தங்கையை உடற்பயிற்சிச் சிகிச்சைக்குத் தன் காரில் அழைத்துப் போவாள். அவளுக்குப் பந்தைத் தூக்கவே வராது.

செவ்வாய்.

சென்ற செவ்வாயன்று இருவரும் மிகத் தாமதமாக வந்தார்கள். "ஆஸ்பத்திரியில ஒரே கூட்டம்" என்றாள் தவமணி, யாரும் கேட்பதற்கு முன்பே.

கட்டைவிரல் துளைக்குள் விரலை விட்டார். உள்ளே ஒட்டுநாடா தட்டுப்பட்டது. துளை தளர்வாக இருந்தால் இறுக்கத்துக்காக ஒட்டுவது. கமலவேணி ஒட்டினால் அளவுகோல் வைத்து ஒட்டியதுபோல் இருக்கும். இது கோணலாக, சுருங்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது.

பிடிப்பதையே மறந்துபோன ஒரு கை ஒட்டியது போல.

அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் குழப்பம் கூடியது.

பந்தைக் கொடுத்துவிடலாம் என்று சொன்னவர் அவர்தாம். கண்ணில் பட்டால் வருந்துவாள் என்று நினைத்தார். அவள் தலையசைத்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஏன் மறைத்தாள்? மறைத்தவள் ஏன் தலையசைத்தாள்? வலக்கைக்கு அளவெடுத்த துளையில் இடக்கையை நுழைத்தால் வலிக்காதா? தளத்தில் வழுக்கி விழுந்திருந்தால்? எச்சரிக்கையாக இருங்கள் என்று மருத்துவர் சொன்னபோது அவளும் பக்கத்தில்தானே இருந்தாள்?

கோபப்பட வேண்டுமா? யார்மேல்?

இன்னும் ஒரு தாள் தேய்த்தால் மிச்சப் பாதியும் போய்விடும். எதையும் பார்க்காதவராகவே இருந்துவிடலாம்.

தாளை நனைத்தார். எந்திரத்தை முடுக்கினார். பந்து சுழன்றது. துளைகளும் வளையமும் கலந்து மங்கலாயின.

கை இறங்கவில்லை.

"அண்ணே! மாவாட்டுறீங்களா? தெருமுனை வரைக்கும் சத்தம் கேக்குது!" வாசல் கம்பிக்கதவில் கலையரசன். "எனக்கு இட்லி வேணாம், பந்து போதும்!"

குரல் கேட்டுக் கமலவேணி உள்ளிருந்து வந்தாள். இடக்கையால் சுவரைப் பிடித்தபடி நிலைப்படியில் நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. சுழலும் பந்தைப் பார்த்தாள்.

எந்திரத்தை நிறுத்தினார்.

"இன்னிக்கு ஆகாது, தம்பி. வேலை இருக்கு."

"நேத்து சின்ன வேலைதான்னு சொன்னீங்களே?"

"நேத்து எனக்குத் தெரியல."

"அண்ணிகிட்ட விட்டிருந்தா இந்நேரம் முடிச்சிருப்பாங்க!" சிரித்துக்கொண்டே கலையரசன் வண்டியைக் கிளப்பினார்.

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். கருவிப் பெட்டியிலிருந்து அளவுநாடாவை எடுத்தார். பழைய துளைகளை அடைத்துப் புதிதாகத் துளையிடுவதென்றால், கடைக்காரர் முதலில் கேட்பது கையின் அளவைத்தான்.

கமலவேணியின் முன்னே போய் உள்ளங்கையை நீட்டினார்.

அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. மருத்துவரிடம் காட்டிக் காட்டிப் பழகிய வலக்கையை மெல்ல உயர்த்தினாள்.

"அது இல்லை" என்றார்.

வலக்கை இறங்கியது.

அவர் முகத்தையே அவள் வெகுநேரம் பார்த்திருந்தாள். பிறகு சுவரை விட்டாள்.

அவள் நீட்டிய இடக்கையில் விரல்கள் மடங்கியிருந்தன. கட்டைவிரல் அவற்றுக்குள் ஒளிந்திருந்தது.

அவர் நாடாவைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல் நின்றார்.