கடைச் சாவிக்கு ஓர் ஓட்டம்

நேசமணியின் மானத்துக்கு விலை முந்நூறு ரூபாய். ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அதுதான் நுழைவுக் கட்டணம். குழித்துறையில் முப்பது வருடமாகப் பலசரக்குக் கடை நடத்துகிறவர், பேரம் பேசாமல் பணம் கட்டியது அதுவே முதல் முறை.

“அறுபத்துநாலு வயசு ஆச்சு. கடையை மகன் ஜெபிஷ்கிட்ட குடுங்க,” என்றாள் மனைவி ஞானபாய்.

“நாளைக்கு நான் ஓடுறதப் பாரு. பொறவு பேசு.”

“செரி, ஒரு பந்தயம். ஓட்டம் முடியுத எடத்துக்கு எனக்கு முந்தி நீங்க வந்தா, கடை உங்களுக்கு. நான் முந்தி வந்தா, சாவி ஜெபிஷுக்கு.”

நேசமணி யோசித்தார். நாளை அந்தச் சாலையில் பஸ், ஆட்டோ எதையும் விடமாட்டார்கள். இவளோ இரண்டு மாதமாக விடியுமுன்பே சபையில் ஜெபம் என்று கிளம்பிவிடுகிறாள். ஜெபம் முடித்து இவள் நடந்து வருவதற்குள் அவர் ஓடி முடித்து, இளநீரும் குடித்துவிடலாம்.

“சம்மதம்,” என்றார்.

மறுநாள் ஓரிடத்திலும் நிற்காமல் ஓடினார். இரண்டு இளவட்டங்களை முந்தவும் செய்தார். முடிவுக்கோட்டில் ஞானபாய் நின்றிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. சுடிதாரில் ஓட்டக்காரர்களுக்கான எண் குத்தியிருந்தது.

“ஏட்டி, அப்ப ஜெபம்?”

“ரெண்டு மாசமும் ஓடிக்கிட்டேதான் ஜெபிச்சேன்.”

“பெண்களை அஞ்சு நிமிஷம் முந்தியே ஓட விட்டாவ. அதைக் கழிக்கணும்.”

“கழிச்சுக்கிடுங்க. நான் வந்து ஏழு நிமிஷம் ஆச்சு.”

நேசமணி உதடு அசையக் கழித்துப் பார்த்தார். அப்போதும் இரண்டு நிமிடம் அவர்தான் பாக்கி.