புதன்கிழமை மாப்பிள்ளை

"ஜன்னலைச் சாத்து பிலோமி, வந்துட்டாங்க!"

சில்வஸ்டர் பதறியதில் தப்பே இல்லை. எதிர்ச்சரிவில் இருந்த ஆசிட் ஃபேக்டரியின் புகைக்கூண்டு, ஞாயிறு தவிர எல்லா நாளும் மஞ்சளும் பழுப்புமாகக் கக்கும். நெடி ஏறினால் இருமல் நிற்காது. அதனால் அந்த லைன் வீடுகளில் யார் வீட்டிலும் பெண் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகுதான். மறைத்துச் செய்வது பாவந்தான். பெண்ணைப் பெற்றவர்கள் வேறென்ன செய்வார்கள்?

மகள் ஐவிக்கு வந்த முதல் வரன் வேலைநாளில் வந்து, காபியைக்கூட முடிக்காமல் இருமிக்கொண்டே பஸ் ஏறிவிட்டது. இது இரண்டாவது. காந்தலில் இருக்கும் ஜெஸிந்தாவின் மகன் செல்லதுரை, கோயமுத்தூரில் இன்ஜினியர். தங்கமான இடம். ஞாயிறு வாருங்கள் என்று சில்வஸ்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். புதன்கிழமைதான் வருவோம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள்.

வந்த மாப்பிள்ளை பஜ்ஜியைத் தொடவில்லை. ஐவியைக் கூப்பிடட்டுமா என்று பிலோமி கேட்டதற்கும், கொஞ்சம் பொறுங்கள் என்றுவிட்டான். கண்ணெல்லாம் சாத்திய ஜன்னலிலேயே இருந்தது.

"ஏனுங்க, இதைக் கொஞ்சம் தெறக்கலாமுங்களா?"

போச்சு! சில்வஸ்டர் மாதாவை வேண்டிக்கொண்டு கொக்கியை நீக்கினார். காலையில் கவிந்திருந்த மூடுபனி விலகி, தேயிலைச் சரிவு கழுவிவிட்டதுபோல் தெரிந்தது. புகைக்கூண்டின் வாயில் பொட்டுப் புகை இல்லை. எந்த மெஷின் கெட்டதோ, அது நூறு வருஷம் கெட்டே கிடக்கட்டும் என்று மனதார வாழ்த்தினார். அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

"ஃபேக்டரி இன்னிக்கு லீவுங்க. ஓடுனாலும் புகையெல்லாம் பேருக்குத்தான்."

மாப்பிள்ளையின் முகம் சட்டென்று வாடியது. "லீவுங்களா?" என்று அம்மாவைப் பார்த்தான். ஜெஸிந்தா பெருமூச்சு விட்டுக் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிலோமி கணவனை முறைத்த முறைப்பில் அவர் இரண்டு அங்குலம் குறைந்துபோனார்.

அந்த நேரம் பார்த்துப் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. ஃபேக்டரி ஓடும் நாளில் மட்டும் ஊதுகிற சங்கு! கேட்டைத் திறந்துகொண்டு ஷிஃப்ட் முடிந்தவர்கள் கும்பலாக வெளியே வருவது ஜன்னலில் நன்றாகவே தெரிந்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது சில்வஸ்டருக்கு.

செல்லதுரை நாற்காலியை விட்டு எழுந்தான். "அப்ப ஃபேக்டரி ஓடுதுங்களா?"

"மன்னிச்சுக்குங்க தம்பி" என்றார் சில்வஸ்டர், தலையைக் குனிந்துகொண்டு. "பொய் சொல்லிட்டனுங்க. ஓடிட்டுத்தான் இருக்குது."

அவ்வளவுதான், மாப்பிள்ளை அவர் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். ஜெஸிந்தா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, பஜ்ஜித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்தக் கூண்டுக்குப் போற வழியில உலோக ஆக்சைடு பூசுன கட்டிகளை அடுக்குனதே இவந்தானுங்க. விஷப்புகை அதுல பட்டா வெறும் காத்தும் தண்ணியுமா மாறிருமாம், இன்னிக்குத்தான் மொத ஓட்டம். இவன் இங்க வேலைக்கு வந்து போறப்ப, மூக்கைப் பொத்திட்டுப் போற உங்க பொண்ணைப் பாத்து ஆசைப்பட்டுட்டான், முழு மூஞ்சியை இன்னும் பாக்கலையாம். இனிமேலாவது வரச் சொல்லுங்க, சம்பந்தி!"