இரண்டாவது சீட்டு

லூயிஸ் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

ஞானமேரி நாட்காட்டியின் தாளைக் கிழித்து இரண்டாகக் கத்தரித்தாள். 2006 ஜூலை பதின்மூன்று.

கணவருக்கு இதயத்தில் மூன்று அடைப்பு. ஆபரேஷனுக்குச் சம்மதமா என்று பத்து மணிக்குள் டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

“என் நாளெல்லாம் கர்த்தர் எப்பவோ குறிச்சிட்டாரு. கத்தி வச்சா ஒண்ணு கூடிடுமா?” ஒரு மாதமாக இதே பேச்சு.

“பெரிய மார்க்கெட்ல மட்டும் ஒவ்வொரு மீனா செவுளத் தூக்கிப் பாக்குறீங்களே, நல்ல மீனையும் அவரே குறிச்சு வச்சிருக்க மாட்டாரா?”

“தூக்குற கையும் அவரோடதுதான், மேரி.”

அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது. அதனால் அவருடைய சபை வழக்கத்துக்கே அவள் இறங்கி வந்தாள். வரன், வேலை, வீடு, எதில் குழப்பம் என்றாலும் அங்கே ஜெபித்துச் சீட்டெடுப்பார்கள். ஒருவர் எழுத, மற்றவர் எடுக்க வேண்டும். வருவதுதான் கர்த்தரின் பதில். அதற்கு மேல் பேச்சில்லை.

ஒன்றில் ‘செய்’. மற்றதில் ‘வேண்டாம்’.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பி எழுதினாள். நான்காக மடித்தாள். டம்ளரில் போட்டுக் குலுக்கும்போது வளையல் டம்ளரில் இடித்து இடித்து ஓசை எழுப்பியது.

அவர் முழங்காலில் நின்றார். ஜெபம் முடிகிற மாதிரியே இல்லை.

பிறகு விரல்கள் உள்ளே போயின. ஒன்றைத் தொட்டன, விட்டன. மற்றதை எடுத்தன.

‘செய்.’

அவள் டம்ளரை எடுக்கப் பாய்ந்தாள். அவர் முந்திக்கொண்டார். மீதிச் சீட்டைப் பிரிக்காமலே பைபிளுக்குள் செருகினார்.

“பதில்தான் வந்துடுச்சே, இது எதுக்கு உனக்கு?” என்று சிரித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, ஆட்டோ பிடிக்கத் தெருவில் இறங்கினார்.

ஒன்பதாம் நாள், ஆபரேஷன் அறையிலிருந்து முகத்தை மூடிக் கொண்டுவந்தார்கள்.

“எல்லாம் கர்த்தருடைய சித்தம்,” என்றார்கள் சபையார்.

யாருடைய சித்தம் என்று அவளுக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்து வந்ததும், ஆஸ்பத்திரியில் கொடுத்த பையிலிருந்து பைபிளை எடுத்தாள். வேறு யார் கண்ணிலும் படுவதற்குள் அந்தச் சீட்டை எரித்துவிட வேண்டும்.

கடைசி இரவு அவர் படித்து நிறுத்திய பக்கத்தில், அடையாளத்துக்கு வைத்தது போல் அது இருந்தது.

நான்காக மடித்தது இப்போது விரிந்து, இஸ்திரி போட்ட மாதிரி படிந்திருந்தது.

அதில் அவள் எழுதியது அப்படியே இருந்தது.

‘செய்.’