காக்காய்க்கு வைத்த தோசை

அமெரிக்காவின் அந்தக் கவுண்ட்டியில், அதாவது சிறு மாவட்டத்தில், பல்கலைக்கழகம் போக மிச்சமிருந்தது சோளக்கொல்லைதான். படிக்காமலும் பாடம் நடத்தாமலும் அங்கே குடியிருக்க வேண்டுமென்றால் ஆராய்ச்சிக்கு உட்பட வேண்டும். அதனால் திலகவதியின் அடுப்படி மூலையில் மேகன் என்ற மாணவி உட்கார்ந்து நாள் முழுக்கக் குறிப்பெடுத்தாள். அவளைச் சுவர் மாதிரி நினைக்க வேண்டும். பேசினாலோ சாப்பாடு போட்டாலோ பல்கலைக்கழகம் கொடுத்த வீடு போய்விடும்.

"ஏங்க, சுவருக்கு வயிறு கத்துது."

"உனக்குக் கேக்கக் கூடாது," என்றான் கணவன் சிவநேசன், தோசையை மென்றபடி.

"உங்களுக்கு எப்படித்தான் தொண்டையில இறங்குதோ."

மூடியிருந்த ஜன்னலின் உள்பக்கம், மேகனின் கைக்கு எட்டும்படி, திலகவதி இரண்டு தோசை வைத்தாள். "காக்காய்க்கு வச்சேன். எங்க வழக்கம்," என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள். திரும்பிப் பார்த்தபோது தட்டு காலி.

மாதக் கடைசியில் மேகனின் பேராசிரியர் வந்தார். சிவநேசனுக்கு வியர்த்து ஊற்றியது. மேகனின் குறிப்பை அவர் வியந்து வாசித்தார். "இந்த வீட்டுக் காகம் காரச் சட்னியை வழித்துத் தின்கிறது. பிறகு காபி குடிக்கிறது."

வீடு தப்பியது. மறுநாளே காகத்தை ஆராய இன்னும் மூன்று பேர் மூலையில் வந்து உட்கார்ந்தார்கள்.

சிவநேசன் தலையில் கைவைத்தான்.

"காக்காய் என்னைக்குங்க தனியாச் சாப்பிட்டிருக்கு?" என்றபடி பெரிய பாத்திரத்தில் உளுந்தை ஊறப்போட்டாள் திலகவதி.