நாசவேலை

"இன்னாம்மா அது, சபோட்டேஜ்?"

கம்பெனி கொடுத்த மெமோவை மகளிடம் நீட்டினார் துலுக்கானம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தொன்பது வருஷமாக லேத் ஓட்டுகிறவர். போன வாரம் அவர் மெஷினில், இரும்பைக் கவ்விச் சுற்றிக்கொண்டிருந்த சக்கில், சீவுகிற டூல் போய் மோதிவிட்டது. ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை.

சம்பளப் பேச்சு முறிந்திருந்த நேரம். வேண்டுமென்றே கெடுத்தார் என்று நிர்வாகம் எழுதியிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் தர வேண்டும்.

"நாசவேலைன்னு அர்த்தம்ப்பா," என்றாள் வர்ஷா.

அவர் மெமோவை இடது கையால் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வர்ஷா காலேஜில் பிரெஞ்சு எடுத்திருந்தாள். போனில் தேடி அவருக்குப் படித்துக் காட்டினாள். சபோ என்றால் மரச்செருப்பு. அதிலிருந்து பிறந்த வினைச்சொல்லில் இருந்து வந்ததுதான் சபோட்டேஜ். இங்கிலீஷ், ஜெர்மன், ஸ்பானிஷ், ரஷ்யன் என்று ஒவ்வொரு பாஷையாக ஏறிப் போயிருக்கிறது. வேலைக்காரர்கள் செருப்பைக் கழற்றி மெஷினுக்குள் வீசினார்கள் என்பது பிற்பாடு கட்டிய கதையாம்.

துலுக்கானம் சிரித்தார். அந்த வாரத்தில் முதல் தடவையாக.

"இதக் கேளுப்பா. மொதல்ல அதுக்கு நாசம் பண்றதுன்ற அர்த்தமே கெடையாது. மரச்செருப்போட தடதடன்னு நடக்கறது. அப்புறம், வேலைய சொதப்பறது. அவ்ளோதான்."

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கவனிக்கவில்லை. இதை வைத்தே பதில் எழுதிவிடலாம் என்று பேப்பரை எடுத்தாள். எழுத எழுத வாய்விட்டுப் படித்தாள்.

"வேண்டுமென்று செய்யவில்லை. கை தவறி நடந்துவிட்டது."

"கை தவறின்னு போட்டுக்கீற பாரு, அத்த அடிச்சிடு," என்றார். "வேணும்னுதான் பண்ணேன்னு எழுது."

"வேலை போயிடும்ப்பா."

"போவட்டும்."

வர்ஷா நிமிர்ந்து பார்த்தாள்.

வலது கையை இடது கையால் தொடையோடு அழுத்திப் பிடித்திருந்தார். அப்படியும் அதன் நடுக்கம் நிற்கவில்லை.

"உங்கம்மாவாண்ட சொல்லிடாத," என்றார்.