பதிமூன்று தொட்டிகள்

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிடும். ஒண்ணு இந்தச் செடிங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

ஒன்பது நாளாகக் கணவன் சொல்லும் வசனம் இது. அவள் காதில் வாங்காததுபோல ஈரத்துணியால் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பால்கனி வெயிலில் கருகிவிடும் என்று ஒவ்வொன்றாகப் படுக்கையறைக்குக் குடிவந்த பதிமூன்று தொட்டிகள். முதல் தொட்டி, கல்யாணம் நிச்சயமான அன்று அவனே வாங்கிக் கொடுத்தது. அதையும் சேர்த்துத்தான் இப்போது துரத்தப் பார்க்கிறான்.

எல்லாம் அவன் தலைவலியால் வந்த வினை. "ராத்திரியில செடியும் கரியமில வாயு விடும், தெரியுமா? பதிமூணு பேரோட ஒரே ரூம்ல படுக்க என்னால ஆகாது" என்று ஒன்பது நாளுக்கு முன் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹால் சோபாவுக்குப் போனான்.

"தாராளமாப் போங்க. இங்க யாரும் கெஞ்சப்போறதில்ல" என்று அவளும் வீறாப்பாகச் சொல்லிவிட்டாள்.

படுத்தால் இடி விழுந்தாலும் எழாத தூக்கம் அவளுக்கு. ஆனால் காலையில் கண் விழித்ததும், பக்கத்தில் காலியாகக் கிடக்கும் இடம் என்னவோ செய்யும். கூப்பிட மனசு துடிக்கும், வாய்தான் வராது.

அவன் தண்ணீரோடு ஒரு மாத்திரையை விழுங்கினான்.

"ஹால்ல காத்தோட்டமாத்தானே படுக்குறீங்க? இன்னும் என்ன மாத்திரை?"

"அது பழைய தலைவலியோட மிச்சம்."

"கன்னத்துல என்ன கோடு கோடா?"

"சோபா தையல்" என்று கன்னத்தைத் தேய்த்துக்கொண்டான். "ராஜா மாதிரி தூங்குறேன், உனக்கென்ன?"

அழைப்பு மணி அடித்தது. ஏ.சி. மெக்கானிக். போன வாரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கும் சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்றைப் படுக்கையறை அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். இப்போது அதைத் தன் போனோடு இணைத்துப் பார்த்தார்.

"பகல்ல நானூத்தம்பது. ராத்திரியில ஆயிரத்து எண்ணூறைத் தாண்டுதே சார்!"

"கேட்டியா!" அவன் முகம் பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளைபோல மலர்ந்தது. "பதிமூணையும் இன்னைக்கே வாட்ச்மேன்கிட்ட குடுத்துடலாம்."

அவள் முதல் தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "தம்பி, நல்லாப் பாருங்க. செடிதான் காரணமா?"

"சேச்சே, இதுங்க விடுறது துளியூண்டுதான்க்கா. மனுஷன் மூச்சுதான் கணக்கு. கதவையும் ஜன்னலையும் சாத்திட்டுத் தூங்கினா, விட்ட மூச்சு வெளிய போக வழி ஏது? அதான் காலையில தலைவலி."

அவள் பெருமூச்சு விட்டாள். அவன் விடுவதாக இல்லை. "ஒருத்தி மூச்சுலயா இவ்வளவு ஏறும்? சும்மா சொல்லாதீங்க."

"நானும் அதைத்தான் சார் பாக்குறேன்." மெக்கானிக் போனை அவள் பக்கம் திருப்பினார். "பத்தரைக்கு ஏற ஆரம்பிச்சு ஆயிரத்துல நிக்குது. ஒரு ஆளுக்கு அவ்வளவுதான். ஆனா பன்னெண்டு மணிக்கு மேல மறுபடியும் ஏறுது பாருங்க. காலைல அஞ்சு மணிக்கு இறங்குது. தினம் இதே கதை. ரெண்டு பேர் தூங்குற ரூமுக்கு இது சகஜம்க்கா. ஜன்னலைத் திறந்து வைங்க. இல்லாட்டி, யாராவது ஒருத்தர் ஹால்ல படுத்துக்கங்க."

அவன் அவசரமாக ஒரு செடியின் இலைகளை எண்ணத் தொடங்கினான்.

அவள் குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள். சுருட்டி வைத்த பாய் வந்தது. அதற்குள்ளிருந்து, ஒன்பது நாளாகச் சோபாவில் ராஜா மாதிரி தூங்குவதாகச் சொன்னவனின் தலையணையும் வந்தது.