ஸ்டிக்கருக்கு அடியில்

“இது என்ன பாஷை தம்பி?”

வாசலில் மாட்டிய புதுக் கேமரா, கரண்ட் கொடுத்ததும் பெண் குரலில் ஏதோ சொன்னது. தௌஃபீக்குக்குச் சந்தேகம் தட்டியது. ஷார்ஜாவிலிருந்து ஒரு மாத லீவில் லெப்பைக்குடிக்காட்டுக்கு வந்திருப்பவர். திரும்பிப் போனபின் அங்கிருந்தபடியே வீட்டு வாசலைப் பார்க்கலாமே என்றுதான் கேமரா வாங்கினார்.

“ஹிந்தியா இருக்கும் பாய்” என்றான் செபஸ்டின். பெரம்பலூரில் கேமரா கடை வைத்திருப்பவன்.

“பதினோரு வருஷமா நான் வேலை பாக்குறது, சண்டை போடுறது எல்லாம் ஹிந்தியிலதான். எங்கிட்டயேவா?”

தௌஃபீக் ஏணியில் ஏறினார். கேமராவின் அடியில் ‘நம்ம கண் - இந்தியத் தயாரிப்பு’ என்று ஒரு ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினார். உள்ளே இன்னொரு ஸ்டிக்கர், பூராவும் சீன எழுத்து.

“வெளிநாட்டுக் கேமராவ சோதிச்சு சர்ட்டிபிகேட் வாங்காம விக்கக் கூடாதுன்னு கவர்மெண்டு சொல்லியிருக்கா, இல்லையா? என் வூட்டு வாசல எவனோ எங்கயோ உக்காந்து பாக்கணுமா?”

“தப்புதான் பாய். பழைய சரக்கு தேங்கிப்போச்சு, ஸ்டிக்கர ஒட்டித் தள்ளிவிட்டேன். சாயங்காலத்துக்குள்ள சர்ட்டிபிகேட் உள்ளதா மாத்தித் தந்துர்றேன்.”

“மாத்துறது இருக்கட்டும். ஊர ஏமாத்துறவன ஊருக்குக் காட்ட வேணாமா?”

லீவில் வந்தவருக்கு அந்த ஒரு மாதமும் தான்தான் ஊர் நாட்டாமை என்று ஒரு நினைப்பு இருக்கும். தௌஃபீக்குக்கு அது கொஞ்சம் கூடுதல். செல்போனை எடுத்து இரண்டு ஸ்டிக்கரையும், அப்படியே செபஸ்டினின் முகத்தையும் வீடியோ பிடித்தார். பேசப் பேசத் தன் குரல் தனக்கே பிடித்துப்போனது.

“குரூப்புல போட்டுடாதீங்க பாய். எனக்கு வேலை குடுக்குறதே இந்த ஊருதான். கடைய இழுத்து மூட வேண்டியதுதான்.” செபஸ்டினுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நேர்மைன்னு ஒண்ணு இருக்குல்ல தம்பி?”

சொல்லிவிட்டு ஊர் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தார். எழுநூறு பேர் இருக்கிற குரூப். விரலை வைக்க வேண்டியதுதான் பாக்கி.

“என்னங்க, செத்த உள்ள வாங்க.” மனைவி ஹஃபீசா கூப்பிட்டாள்.

“இரு, இத அனுப்பிட்டு வரேன்.”

“அனுப்புறதுக்கு முன்னாடி வாங்க.”

அந்தக் குரலுக்கு அவர் ஷார்ஜாவில் இருக்கும்போதே பயப்படுவார். உள்ளே போனார். அவள் கதவைச் சாத்தினாள்.

“அவருதான் மாத்தித் தரேங்குறாருல்ல, விட்டுருங்களேன்.”

“எப்படி விடுறது? வெளிநாட்டுச் சாமான் மேல உள்ளூர் ஸ்டிக்கர ஒட்டி விக்கிறான் ஹஃபீசா! மனுசன் செய்யுற காரியமா இது?”

ஹஃபீசா, வெளியே நிற்பவன் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நீங்க லீவுல வர்றப்பல்லாம் ஷார்ஜா சென்ட்டு, ஷார்ஜா சோப்புன்னு எங்க அண்ணன்மாருக்கு அள்ளி அள்ளிக் குடுக்குறீங்களே... பெட்டியப் பிரிச்சதும், அதுல இருக்குற திருச்சிக் கடை ஸ்டிக்கர ஒவ்வொண்ணா உரிச்சி எடுக்குறது யாருன்னு நெனச்சீங்க?”